மின்சாரம் தாண்டும் தூரம்



மலர்க் குழுவினர் நாலு பேர் மேற்குத் தாம்பரத்தில் உள்ள என் கடைக்கு வந்து கட்டுரை கேட்டார்கள். "எதைப் பத்தி வேணும்னாலும் எழுதுங்க சார், நம்ம பசங்களுக்கு உபயோகமா இருந்தா போதும்" என்றார்கள். நான் 1993-ல் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவன். போர்டு ரிப்பேரும், சிறு உற்பத்தியாளர்களுக்கு பி.சி.பி. லே-அவுட் போட்டுத் தருவதும் என் பிழைப்பு. சாதித்ததை எழுதுவதற்கு மற்ற முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன். அதில் பாடமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது.

2012-ல் தெரிந்த ஒருவர் வந்தார். வீடுகளுக்கு ஆட்டோமேட்டிக் வாட்டர் லெவல் கன்ட்ரோலர் செய்து விற்பவர். சம்ப்பில் தண்ணீர் இருந்து, மாடித் தொட்டி காலியானால் மோட்டார் ஓடும், நிறைந்தால் நிற்கும். உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், 12 வோல்ட் சர்க்யூட், ஒரு சுகர் கியூப் ரிலே. தண்ணீருக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள்தான் சென்சார். "டப்பா சின்னதா இருக்கணும் சார், போர்டும் ஹைலம்லயே போட்டுடுங்க, விலை கட்டாது" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

சுகர் கியூப் ரிலேயை நீங்கள் லேபில் பார்த்திருப்பீர்கள். அதன் கால்கள் அமைந்திருக்கும் விதத்தில் ஒரு பொறி இருக்கிறது. காயிலின் இரண்டு கால்களுக்கு நடுவில்தான் காமன் கால் உட்கார்ந்திருக்கும். காயில் 12 வோல்ட் பக்கம். காமனில் வருவதோ கரண்ட் போஸ்டிலிருந்து நேராக வரும் பேஸ். கால் மையத்துக்குக் கால் மையம் 6 மி.மீ. சொச்சம். பேட் அகலத்தைக் கழித்தால் 4 மி.மீட்டருக்கும் கீழே. நான் என்ன செய்தேன் என்றால், மோட்டார் கரண்ட் தாங்கட்டும் என்று காமன் ட்ராக்கை அகலமாக்கி, மேலே ஈயமும் ஓட்டச் சொன்னேன். மிஞ்சிய இடைவெளி 2 மி.மீ.

மே மாத வெயிலில் கடையில் வைத்து 500 வோல்ட் மெகர் போட்டேன். முள் இன்ஃபினிட்டியில் நின்றது. "ஓகே, கொண்டு போங்க" என்றேன். அவர் மொத்தம் 160 பீஸ் விற்றார்.

காற்று குற்றவாளி இல்லை

கதையை இங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தியரி பார்ப்போம். இது இல்லாமல் பின்னால் நடந்தது புரியாது.

காற்று ஒரு மின்காப்பான். ஆனால் அதில் எப்போதும் சில எலக்ட்ரான்கள் தனியாகத் திரிந்துகொண்டிருக்கும். இரண்டு ட்ராக்குகளுக்கு நடுவே வோல்டேஜ் கொடுத்தால் அந்த எலக்ட்ரான் வேகம் பிடித்து ஓடும். வழியில் ஒரு மூலக்கூறை மோதும்போது போதுமான வேகம் இருந்தால் அதிலிருந்து இன்னொரு எலக்ட்ரானை உதிர்க்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், சரிவில் மண் சரிவது போல. அதுதான் முறிவு, பிரேக்-டவுன். சீரான மின்களத்தில் காற்று மில்லிமீட்டருக்குச் சுமார் 3000 வோல்ட் தாங்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கூரான ட்ராக் முனைகள் இருக்கும் போர்டில் அவ்வளவு தாங்காது.

1889-ல் பாஷன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஒரு உண்மையைக் கண்டார். முறிவு வோல்டேஜ், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் முறிவு வோல்டேஜும் குறையும். ஆனால் ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் மறுபடி கூடும். மோதுவதற்கு மூலக்கூறு கிடைப்பதற்கு முன்பே எலக்ட்ரான் மறுகரை சேர்ந்துவிடும் என்பதே காரணம். காற்றுக்கு அந்தக் குறைந்தபட்சம் சுமார் 327 வோல்ட். சாதாரண அழுத்தத்தில் இது நடக்கும் இடைவெளி ஏழெட்டு மைக்ரான், அதாவது தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு.

இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது ஆர்.எம்.எஸ். மதிப்பு. உச்சம் எவ்வளவு? 1.414-ஆல் பெருக்கினால் 325. பாஷன் சொன்ன குறைந்தபட்சத்துக்கு இரண்டே வோல்ட் கீழே! இது தற்செயல்தான், லைன் வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலே தாண்டிவிடும். ஆனாலும் விஷயம் புரிகிறதல்லவா? சுத்தமான காற்றைத் தாண்ட நம் வீட்டுக் கரண்டுக்குச் சாதாரண நிலையில் சக்தி கிடையாது. ஒரு மில்லிமீட்டர் சுத்தமான காற்று இருந்தாலே தாராளம்.

பிறகு ஏன் தர விதிகளில் அதிகம் கேட்கிறார்கள்? இடியாலும், பெரிய லோடுகளை ஆன்-ஆஃப் செய்வதாலும் லைனில் கணநேரம் வரும் குத்து வோல்டேஜ்தான் ஒரு காரணம். 230 வோல்ட் லைனில் பிளக் மாட்டும் சாதனங்களுக்கு அது 2500 வோல்ட் வரை வரலாம் என்று ஐ.இ.சி. 60664-1 கணக்கு வைக்கிறது. அதற்குக் காற்றில் 1.5 மி.மீ. வேண்டும். இது அடிப்படைக் காப்புக்கு. மனிதக் கை படக்கூடிய பக்கத்தைப் பிரிக்கும் இடத்தில் வேண்டியது வலுவூட்டிய காப்பு. அதற்கு 3 மி.மீ. காற்று வழியாக அளக்கும் இந்தத் தூரத்துக்குக் கிளியரன்ஸ் என்று பெயர்.

ஆக, என்னுடைய 2 மி.மீ. இந்தக் கணக்கிலேயே தோல்வி. ஆனால் அந்த போர்டைக் கவிழ்த்தது இது இல்லை.

ஸ்டேஷனில் ஒரு பாடம்

இரண்டாவது தூரம் ஒன்று இருக்கிறது. போர்டின் மேற்பரப்பை ஒட்டி, எறும்பு ஊர்ந்து போகும் வழியில் அளக்கும் தூரம். கிரீப்பேஜ் என்கிறோம். இதைப் புரிந்துகொள்ள லேபுக்குப் போக வேண்டாம், தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

பீச்–தாம்பரம் லைனில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. அப்போது 1500 வோல்ட் டி.சி. பிறகு 1960-களில் 25,000 வோல்ட் ஏ.சி.யாக மாற்றினார்கள். அந்தக் கம்பிக்கும் எர்த் ஆன இரும்புக்கும் நடுவே காற்றில் கால் மீட்டர், 250 மி.மீ. இருந்தால் போதும் என்பது ரயில்வே கணக்கு. (மனிதர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை, இரண்டு மீட்டருக்குள் போகவே கூடாது. கூரையில் ஏறி செல்ஃபி எடுப்பவர்கள் கவனிக்கவும்.) ஆனால் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரைப் பாருங்கள், பாவாடை பாவாடையாக மடிப்பு இருக்கும். மடிப்புகளை ஒட்டி மேலும் கீழுமாக நூல் பிடித்து அளந்தால் அழுக்குப் பகுதிகளுக்கான இன்சுலேட்டரில் 1050 மி.மீ. வரும். காற்றில் 250 போதும் என்ற அதே வோல்டேஜுக்கு, பரப்பில் நான்கு மடங்குக்கு மேல்!

காரணம் எளிது. காற்றில் பொறி பறந்தாலும் அடுத்த நொடி காற்று பழைய காற்றே. பரப்பில் படிந்த அழுக்கு போகாது. நம் பக்கம் கிழக்கே கடல். சாயந்திரம் உப்புக் காற்று வரும். திரிசூலம், பம்மல் பக்கம் கல் உடைத்த காலத்தில் கடை ஷட்டரில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. இப்போது அந்த வேலையை ஜி.எஸ்.டி. ரோடு செய்கிறது. வெயிலில் இந்தத் தூசி ஒன்றும் செய்யாது. ஐப்பசி பிறந்து ஈரம் ஏறினால் அதில் உள்ள உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று ட்ராக்குக்கும் ட்ராக்குக்கும் நடுவே உண்டாகும்.

அதன் பிறகு நடப்பதைப் படிப்படியாக மனதில் ஓட்டிப் பாருங்கள். ஈரப் படலத்தில் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கசிவு கரண்ட் ஓடுகிறது. கரண்ட் ஓடினால் சூடு. சூட்டில் படலம் ஒரே சீராகக் காயாது, ஓரிடத்தில் முதலில் காய்ந்து அறுபடும். ஓடிக்கொண்டிருந்த கரண்ட் அறுபடும் இடத்தில் ஒரு குட்டிப் பொறி. ஸ்விட்சை அணைக்கும்போது உள்ளே மின்னுகிறதே, அதேதான். இந்தப் பொறிக்குப் பாஷனின் 327 வோல்ட் தேவையே இல்லை. பொறி பட்ட இடத்தில் போர்டின் ரெசின் கருகும். கருகினால் கரி. கரி மின்கடத்தி. அன்றைக்கு இடைவெளி ஒரு புள்ளி அளவு குறைந்தது. மறுநாள் பனியில் மறுபடி ஈரம், மறுபடி பொறி, மறுபடி ஒரு புள்ளி கரி. இதற்கு டிராக்கிங் என்று பெயர், நான் கரித்தடம் என்பேன். மாதக் கணக்கில் சத்தமில்லாமல் வளரும்.

பீங்கானில் கரி ஆவதற்குக் கரிமப் பொருள் கிடையாது. அதனால் அதில் கரித்தடம் விழாது. நம் போர்டு அப்படி இல்லை. இதை அளக்க சி.டி.ஐ. என்று ஒரு சோதனை உண்டு. போர்டின் மேல் 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு பிளாட்டின முனைகள், நடுவே அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு அமோனியம் குளோரைடு கரைசல், ஐம்பது சொட்டு. எந்த வோல்டேஜ் வரை கரித்தடம் விழாமல் தாங்குகிறதோ அது சி.டி.ஐ. எண். நாம் உசத்தி என்று நினைக்கும் எஃப்.ஆர்.4 கிளாஸ் எபாக்சியே பெரும்பாலும் 175-க்கும் 250-க்கும் நடுவில்தான் நிற்கும். பேப்பர் பீனாலிக், அதாவது ஹைலம், பொதுவாக அதற்கும் கீழே. மேலும் அது ஈரத்தை உள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும்.

தர விதிகள் சுற்றுப்புற அழுக்கையும் தரம் பிரிக்கின்றன. ஆபீஸ், வீட்டு ஹால் போன்றவை இரண்டாம் தரம். ஈரம் பட்டால் கடத்தக்கூடிய தூசி படியும் இடம் மூன்றாம் தரம். எஃப்.ஆர்.4 வகைப் போர்டில் 250 வோல்ட்டுக்கு இரண்டாம் தரத்தில் அடிப்படைக் காப்புக்குக் கிரீப்பேஜ் 2.5 மி.மீ., மூன்றாம் தரத்தில் 4 மி.மீ. கை படும் பக்கத்தைப் பிரிக்க இதை இரட்டிப்பாக்க வேண்டும்: 5, 8. என் போர்டு மாட்டப்படும் இடம் எது? கொல்லைப்புறத்தில் சம்ப் ஓரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. வேண்டியது 8 மி.மீ. நான் கொடுத்தது 2.

முடிச்சூர்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையை நீங்கள் சிறுவர்களாக இருந்து பார்த்திருப்பீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு கரை கொள்ளாமல் முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கியது. வடிந்த பிறகு ஒரு மாதம் என் கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. டி.வி. போர்டு, இன்வெர்ட்டர் போர்டு, வாஷிங் மெஷின் போர்டு. "நல்லா காயவச்சிட்டேன் சார், இப்ப ஓடுது, ஒரு தடவை பாத்துக் கொடுத்துடுங்க" என்று நிறையப் பேர் வந்தார்கள். காய்ந்தது தண்ணீர்தான். தண்ணீரில் வந்த உப்பும் சேறும் சாக்கடையும் போர்டிலேயே இருந்தன. அது எனக்கே அப்போது முழுதாக உறைக்கவில்லை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது ஃப்ளக்ஸைக் கரைக்கும், உப்பை லேசில் கரைக்காது. முதலில் டிஸ்டில்டு வாட்டரில், பேட்டரிக்கு ஊற்றுகிறோமே அதில், பிரஷ் போட்டு இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். அப்புறம்தான் ஆல்கஹால். அப்புறம் 60, 70 டிகிரியில் சில மணி நேரம் காய்ச்சல். இதையெல்லாம் பிறகு கற்றேன்.

அடுத்த வருடம், 2016 அக்டோபரில், மழை ஆரம்பித்த வாரம். முடிச்சூரிலிருந்து ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், மகனோடு வந்தார். கையில் அந்தக் கறுப்பு டப்பா. சம்ப் சென்சார் கம்பியில் பாசி பிடித்திருக்கிறது என்று வெளியே இழுத்துத் துடைக்கப் போயிருக்கிறார். வெறுங்கால், ஈர சிமெண்ட் தரை.

"தொட்டதும் சுரீர்னு இழுத்துச்சு தம்பி. கைய விட முடியல. பின்னால சாஞ்சு விழுந்ததுல கம்பி கைய விட்டுப் போச்சு. அதனால பொழச்சேன்" என்றார். உள்ளங்கையில் சிவந்த கோடு அப்போதும் இருந்தது.

டப்பாவைத் திறந்து போர்டைத் திருப்பினேன். ரிலேயின் காமன் காலிலிருந்து காயில் காலுக்கு, மையால் கிறுக்கியது போல ஒரு கறுப்புக் கோடு, கிளை பிரிந்து ஓடியது. பக்கத்திலேயே செம்பில் என் லே-அவுட் எண். வேறு யாரையும் கை நீட்ட வழியில்லை.

பேஸ் அந்தக் கரி வழியாக 12 வோல்ட் பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து சென்சார் கம்பிக்கு இறங்கியிருக்கிறது. ஃப்யூஸ் போகவில்லை, எம்.சி.பி. விழவில்லை. ஏன் விழும்? ஓடியது மில்லி ஆம்பியர் கணக்கு. மனிதனைக் கொல்ல அது போதும், ஃப்யூஸுக்கு அது கணக்கிலேயே வராது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்திருந்தால் விழுந்திருக்கும். அந்த வீட்டில் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது: என் பெஞ்சில் அதே மாதிரி ஒரு போர்டு நாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஏன் கரி விழவில்லை? காலையில் விளங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் பிரித்துவிடுவதால் என் பெஞ்சில் 12 வோல்ட் பக்கம் எதோடும் சேராமல் மிதந்துகொண்டிருந்தது. கசிவு கரண்ட் ஓட வேண்டுமானால் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமல்லவா? பெஞ்சில் வழியில்லை. சம்ப்பில் இருக்கிறது! தண்ணீருக்குள் தொங்கும் கம்பி, தண்ணீர், சிமெண்ட், பூமி. சென்சாரே எர்த் ராடு ஆகிவிட்டது. மோட்டார் நின்றிருந்தாலும் காமன் காலில் பேஸ் இருபத்து நாலு மணி நேரமும் நிற்கும். ஆக ராத்திரி பகலாக அந்த 2 மி.மீ. மேல் முழு 230 வோல்ட். இடையில் ஒரு கோடை முழுக்க ஈரம் இல்லாததால் சும்மா இருந்து, மழை வந்ததும் வேலையை முடித்திருக்கிறது. மெகர் டெஸ்ட்டை வெயில் காலத்தில், காய்ந்த புது போர்டில் போட்டு நான் நிம்மதியாக இருந்ததன் அர்த்தம் இவ்வளவுதான்.

புது லே-அவுட் போட்டேன். எஃப்.ஆர்.4 போர்டு. காயில் கால்கள் அருகில் வராத வேறு வகை ரிலே; காமன் காலைச் சுற்றி 2 மி.மீ. அகலத்தில் ஸ்லாட். ஸ்லாட் வெட்டினால் எறும்பு சுற்றிக்கொண்டு போக வேண்டும், ரயில்வே இன்சுலேட்டரின் மடிப்பு செய்யும் அதே வேலை. ஒன்று கவனிக்க வேண்டும், ஸ்லாட் ஒல்லியாக இருந்தால் கணக்கில் சேராது. இரண்டாம் தர அழுக்குக்கு 1 மி.மீ., மூன்றாம் தரத்துக்கு 1.5 மி.மீ. அகலமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் தூசி அடைத்துப் பாலம் போட்டுவிடும். எஸ்.எம்.பி.எஸ். போர்டில் ஆப்டோகப்ளருக்கு அடியிலும் இதே கதைதான். அதன் கால் வரிசைகளுக்கு நடுவே 7.62 மி.மீ., 2 மி.மீ. பேட் போட்டால் மிஞ்சுவது 5.6. அதற்குத்தான் அடியில் வெட்டுகிறார்கள், அழகுக்கு இல்லை. வெள்ளத்தில் மூழ்கிய போர்டைக் கழுவும்போது அந்த வெட்டில் குச்சி விட்டுச் சேற்றை எடுக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள்.

போர்டின் மேல் வார்னிஷ் கோட்டிங்கும் கொடுத்தேன். நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு. அழுக்கின் மேல் அடித்தால் அழுக்கை உள்ளே பூட்டி வைத்தது போல ஆகும். கடைசியாக ஒவ்வொரு பீஸுக்கும் மெயின் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே 3000 வோல்ட் ஏ.சி. ஒரு நிமிடம். ஹைபாட் மெஷின் வாடகைக்கு எடுத்தேன்.

விற்றவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "160-ல ஒண்ணுதானே சார் போயிருக்கு" என்றார். அவரை முடிச்சூருக்குக் கூட்டிப் போய் அந்த அம்மாவின் திண்ணையில் உட்கார வைத்தேன். காபி கொடுத்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பில் புக்கைக் கொண்டு வந்தார்.

பாதிச் செலவு அவர், பாதி நான். என் கடைப் பையனும் நானும் டி.வி.எஸ். 50-ல் முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம் என்று ஞாயிறுதோறும் அலைந்தோம். கழற்றிய பழைய போர்டுகளில் மேலும் ஒன்பதில் கரித்தடம் ஆரம்பித்திருந்தது. அதில் ஏழு, வெள்ளத்தில் மூழ்கியவை. இரண்டு மூழ்கவே இல்லை, வெறும் தூசியும் பனியும்தான். பாதி பில்லில் விலாசம் இல்லை. சிலர் வீட்டை விற்றுவிட்டார்கள். சிலது எலக்ட்ரீஷியன்கள் மொத்தமாக வாங்கிப் போனது. 113 பீஸ் மாற்றினோம். 47 கிடைக்கவில்லை.

அதனால் மலர்க் குழுவினரிடம் அனுமதி கேட்டு இதையும் எழுதுகிறேன். உள்ளங்கை அகலக் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, முகப்பில் ஒரு பச்சை ஒரு சிவப்பு எல்.இ.டி., நடுவில் ஒரு வட்ட பட்டன். ஸ்டிக்கர் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். உள்ளே பழுப்பு நிற போர்டு, மூலையில் டபிள்யு.எல்.2 என்று ஆங்கிலத்தில். உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ, வாடகைக்கு இருக்கும் இடத்திலோ சம்ப் ஓரச் சுவரில் இப்படி ஒன்று இருந்தால், மெயினை ஆஃப் செய்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள். கம்பியை முதலில் தொடாதீர்கள். என் கடைக்குக் கொண்டு வந்தால் புதுசு மாட்டித் தருகிறேன், காசு வேண்டாம். பில்லும் வேண்டாம்.